சிறைக்குள்ளே ஒரு கோர்ட்டு

ஒரு மனிதன் மீது திருட்டுக் குற்றம் சாட்டப்படுகிறது. அவனைத் தண்டிப்பதற்கு முன்னால் எத்தனையோ படிகளைக் கடந்தாக வேண்டும். குற்றப் பத்திரிகையின் நகல் அவன் கைக்கு வர வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. வசதி இல்லாதவனாக இருந்தால் சர்க்கார் செலவில் வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். எதிர்த் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிபதி தம்முடைய முடிவுக்குக் காரணம் எழுதியாக வேண்டும். அதுவும் திருப்தி இல்லையென்றால் அப்பீல் இருக்கிறது.

அதே மனிதன் தண்டனை பெற்றுச் சிறைக்குள் போகிறான். ஆறு மாதம் கழித்து, வார்டரை அவமரியாதையாகப் பேசினான் என்று அவன் மீது ஒரு பிராது வருகிறது. சிறை சூப்பரிண்டெண்டெண்டின் முன்னால் அவன் நிறுத்தப்படுகிறான். வார்டர் நடந்ததைச் சொல்லுகிறார். கைதி மறுக்கிறான். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடலாம். வக்கீல் கிடையாது, வேடிக்கை பார்க்க ஜனங்கள் கிடையாது, பத்திரிகை நிருபர் கிடையாது. ஆனாலும் அந்த அறையில் ஒருவன் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. அவனுக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அதுவும் ஒரு கோர்ட்டுதான்.

இந்தக் கோர்ட்டில் கைதிக்கு என்ன உரிமை உண்டு? உலகத்தில் பல நாடுகளின் உயர்ந்த நீதிமன்றங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றிருக்கின்றன. பதில்கள் ஒரே மாதிரியாக இல்லை.

தேதி தள்ளிப் போகிறது

"ஏற்கெனவே குற்றவாளி என்று தீர்ப்பானவன்தானே? உள்ளே கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும்.

முதலாவதாக, சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் அல்லர். 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நாலு பேரில் மூன்று பேருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிரபராதிகள். ஆனால் சிறையின் கட்டுப்பாட்டு விதிகள் அவர்களையும் விடுவதில்லை.

இரண்டாவதாக, அந்தச் சிறிய விசாரணையின் விளைவு சிறியதல்ல. நல்ல நடத்தைக்காகக் கைதிகளுக்குத் தண்டனைக் காலத்தில் ரெமிஷன் என்னும் கழிவு உண்டு. மாதம் மாதமாகச் சேர்த்த அந்த நாட்களை ஒரு தண்டனையில் இழந்துவிடலாம். 30 நாள் கழிவு போயிற்று என்றால் என்ன அர்த்தம்? செஷன்ஸ் கோர்ட்டு விதித்த தண்டனை ஒரு நாள்கூட அதிகமாகவில்லை. ஆனால் அவன் வீட்டுக்கு வரும் தேதி 30 நாள் தள்ளிப் போய்விட்டது. வாசலில் காத்திருக்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதோடு போகவில்லை. ஆயுள் கைதியை முன்னதாக விடுதலை செய்யலாமா என்று ஆலோசிக்கும்போது, சிறையில் அவன் எப்படி நடந்துகொண்டான் என்று பார்க்கிறார்கள். தண்டனைப் புத்தகத்தில் என்றைக்கோ எழுதப்பட்ட ஒரு வரி, பல வருஷம் கழித்து அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரும்.

1894-ம் வருஷத்துச் சட்டம்

இந்தியச் சிறைகளின் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையாக இருப்பது 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டம். வெள்ளைக்கார சர்க்கார் இயற்றியது. பல மாநிலங்களில் இன்றும் அமலில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1983-ம் வருஷத்துச் சிறை விதிகளும் இதன் கீழ் பிறந்தவையே.

சிறைக்குள் எவையெல்லாம் குற்றம் என்று இந்தச் சட்டத்தின் 45-வது பிரிவு ஜாபிதா போட்டுச் சொல்லுகிறது. பிறரைத் தாக்குவது, தப்பிக்கச் சதி செய்வது, சிறைப் பொருள்களைச் சேதப்படுத்துவது ஆகியவை அதில் இருக்கின்றன. எந்த நாட்டிலும் இவை குற்றமே. ஆனால் வேண்டுமென்றே சோம்பலாக இருப்பது, ஒழுங்கீனமாக நடப்பது, நோய் வந்ததுபோல் நடிப்பது ஆகியவையும் அந்த ஜாபிதாவில் உண்டு. ஒருவனுக்கு வயிற்றுவலியா, நடிப்பா என்பது பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்த விஷயம்.

இன்னொரு குற்றமும் அங்கே இருக்கிறது: அதிகாரி மீதோ மற்றொரு கைதி மீதோ வேண்டுமென்று பொய்ப் பிராது கொடுப்பது. பொய்ப் பிராது கண்டிக்கத்தக்கதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு வார்டர் தன்னை அடித்தார் என்று ஒரு கைதி சொல்லுகிறான். அது மெய்யா, பொய்யா என்று தீர்மானிப்பவர் அந்த வார்டருக்கு மேலதிகாரி. பொய் என்று அவர் கருதிவிட்டால், அடிபட்டவனே குற்றவாளியாகி நிற்பான். இந்தப் பயம் இருக்கும் இடத்தில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

46-வது பிரிவு தண்டனைகளை விவரிக்கிறது. வெறும் எச்சரிக்கையில் தொடங்குகிறது. கடின வேலை, கழிவு இழப்பு, சாக்குத் துணி உடை, கைவிலங்கு, கால்விலங்கு, மூன்று மாதம் வரையில் பிரித்துவைத்தல், 14 நாள் வரையில் தனிக் கொட்டடி, குறைந்த உணவு என்று வளர்ந்து, மூலச் சட்டத்தில் 30 பிரம்படியில் போய் முடிகிறது. விசாரணை முறையைப் பற்றி அந்தப் பிரிவு சொல்லுவது மிகக் கொஞ்சம். சூப்பரிண்டெண்டெண்டு யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம், விசாரித்துத் தீர்மானிக்கலாம், தண்டிக்கலாம். அவ்வளவுதான்.

51-வது பிரிவில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு தண்டனையையும் தண்டனைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்கிறது அது. குற்றம் கடுமையானதானால் சாட்சிகளின் பெயரையும் எழுத வேண்டும். ஆனால் சாட்சியத்தின் சாரம், கைதி சொன்ன எதிர்வாதம், முடிவுக்குக் காரணம் ஆகிய மூன்றையும் எழுதியே தீர வேண்டும் என்று சட்டம் கேட்டது பிரம்படி கொடுக்கும்போது மட்டுமே! அடி முதுகுக்குக் கீழே விழுந்தால் காரணம் வேண்டும். வாழ்நாளில் விழுந்தால் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அதிகாரிகளின் கஷ்டம்

சிறை அதிகாரிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் கேட்க வேண்டும்.

2022-ம் வருஷத்தில் இந்தியச் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். ஒரு வார்டர் பல டஜன் கைதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களில் கோஷ்டி சேர்ந்து மிரட்டுகிறவர்களும் உண்டு. கஞ்சாவையும் செல்போனையும் உள்ளே கடத்துகிறவர்களும் உண்டு. வெளியே உள்ள கோர்ட்டில் சாட்சி சொன்னவன் தன் வீட்டுக்குப் போய்விடுவான். சிறையில் சாட்சி சொன்னவன் அன்றிரவே, யாருக்கு எதிராகச் சொன்னானோ அவன் படுத்திருக்கும் கட்டடத்திலேயே படுக்க வேண்டும். அவனைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு சச்சரவுக்கும் வக்கீல் வந்து வாதாடினால் சிறையை யார் நடத்துவது? தண்டனை தாமதமானால் கட்டுப்பாடு குலையாதா?

இவை வெறும் சாக்குகள் அல்ல. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் கைதியின் உரிமையைப் பற்றிப் பேசுவது காகிதத்தில் கோட்டை கட்டுவதாகும். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1974-ல் இந்தக் கேள்விகளைத்தான் எதிர்கொண்டது.

நெப்ராஸ்கா வழக்கு

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரான லிங்கனில் உள்ள சிறையின் கைதிகள், தங்களுடைய நல்நடத்தைக் கழிவைச் சரியான விசாரணை இல்லாமலே பறிக்கிறார்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். உல்ப் எதிர் மக்டானல் என்று பெயர் பெற்ற வழக்கு இது. 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடந்த கலகமும் அதை அடக்கியபோது நேர்ந்த உயிர்ச்சேதமும் (மொத்தம் 43 பேர் மாண்டார்கள்) மக்கள் மனத்தில் பசுமையாக இருந்த காலம் அது.

1974-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. நீதிபதி பைரன் ஒயிட் எழுதிய அந்தத் தீர்ப்பு ஒரு நடுவழியைக் கண்டது. அரசியல் சட்டம் சிறை வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று அது சொல்லியது. ஆனால் வெளிக் கோர்ட்டின் உரிமைகள் அத்தனையும் உள்ளே வரா என்றும் சொல்லியது.

கைதிக்குக் கிடைத்தவை இவை: விசாரணைக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் குற்றச்சாட்டை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். எந்தச் சாட்சியத்தை நம்பி, என்ன காரணத்தால் தண்டித்தோம் என்று தீர்ப்பை எழுத்தில் தர வேண்டும். சிறையின் பந்தோபஸ்துக்கு ஆபத்தில்லாத அளவில் அவன் தன் சாட்சிகளையும் பத்திரங்களையும் கொண்டுவரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருந்தால், அல்லது விஷயம் சிக்கலாக இருந்தால், மற்றொரு கைதியோ சிறைச் சிப்பந்தியோ அவனுக்கு உதவலாம். விசாரிப்பவர்கள் பாரபட்சம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

கிடைக்காதவை இரண்டு: வக்கீலும் கிடையாது, குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் கிடையாது.

இது போதாது என்று நீதிபதி தர்குட் மார்ஷல் அன்றே எதிர்ப்புத் தெரிவித்தார். சாட்சிகளை அழைப்பதற்கும் எதிர்ச் சாட்சிகளைக் கேள்வி கேட்பதற்கும் உறுதியான உரிமை இல்லாவிட்டால், கடைசியில் வார்டரின் வார்த்தைக்கு எதிராகக் கைதியின் வார்த்தை மட்டுமே நிற்கும் என்பது அவர் வாதம். எந்த வார்த்தை எடுபடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மெல்ல மெல்லக் குறைந்தது

பிற்காலத்துத் தீர்ப்புகள் மார்ஷலின் கவலைக்கு ஆதாரம் சேர்த்தன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்போல் சிறையில் ஒரு கைதி தாக்கப்பட்டான். சத்தம் கேட்டு ஓடி வந்த காவலர், மூன்று கைதிகள் நடைபாதையில் ஓடுவதைக் கண்டார். யார் அடித்தது என்பதை அவர் பார்க்கவில்லை. அவர்களில் இருவருக்கு 100 நாள் கழிவு போயிற்று. 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லியது? முடிவுக்கு ஆதாரமாக ஏதோ ஒரு சாட்சியம் இருந்தால் போதும். கோர்ட்டு அதை எடைபோடாது என்று சொல்லிவிட்டது.

1995-ம் வருஷத்து வழக்கு ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. உடைகளைக் களைந்து சோதனை செய்தபோது ஒரு கைதி கோபமாகத் திட்டினான். அதிகாரியின் வேலைக்குக் குறுக்கே நின்றான் என்று பெரிய குற்றமாகவும் சாட்டினார்கள். அவன் சாட்சிகளை அழைக்க விரும்பினான், அனுமதி கிடைக்கவில்லை. 30 நாள் தனி அறையில் அடைக்கப்பட்டான். ஒன்பது மாதம் கழித்து, மேலதிகாரி ஒருவர் அந்தப் பெரிய குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று கண்டு பதிவை அழித்தார். பதிவு அழிந்தது, அனுபவித்த 30 நாள் அழியுமா?

ஆனாலும் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிறை வாழ்க்கையில் சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய கஷ்டத்துக்கு மேற்பட்ட, விசேஷமான கஷ்டம் நேர்ந்தால்தான் விசாரணை உரிமையைக் கோரலாம். 30 நாள் தனி அறை அப்படிப்பட்டதல்ல என்பது தீர்ப்பின் சாரம். இப்படியாக, 1974-ல் திறந்த கதவு மூடப்படவில்லை. ஆனால் அதன் வழியே நுழையக்கூடியவர்கள் குறைந்துபோனார்கள்.

இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. ஒரு கைதிக்கு 40 நாளும் இன்னொருவனுக்கு 7 நாளும் கூடுதலாகச் சிறை விதித்த விவகாரம் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போயிற்று. நாட்களைக் கூட்டுவது என்றால் அது குற்ற வழக்குக்குச் சமானம். வக்கீல் இல்லாமல் நடத்தியது தவறு என்று 2003-ல் முடிவான தீர்ப்பு வந்தது. அதற்கு முந்திய வருஷமே இங்கிலாந்தில் ஏற்பாடு மாறிவிட்டது. நாட்களைக் கூட்டும் அதிகாரம் சிறைத் தலைவரிடமிருந்து போய், வெளியிலிருந்து வரும் நீதிபதியிடம் சேர்ந்தது.

திகார் சிறையிலிருந்து ஒரு கடிதம்

இந்திய சுப்ரீம் கோர்ட்டு இந்த விஷயத்தில் யாருக்கும் பின்தங்கவில்லை. காகிதத்தில் பார்த்தால் அமெரிக்காவையே மிஞ்சியது.

டில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர் சுனில் பத்ரா. தம்மைத் தனிமையில் அடைத்திருப்பதை எதிர்த்து அவர் கோர்ட்டுக்கு வந்தார். 1978-ம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கைதியானாலும் அவன் அடிப்படை உரிமைகள் அடியோடு போய்விடுவதில்லை என்று உறுதியாயிற்று. விலங்கு பூட்டுவதானால் காரணத்தை எழுத வேண்டும். கைதிக்குத் தெரிந்த பாஷையில் அதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். கேரளத்தில் 1957-ம் வருஷத்து மந்திரி சபையில் சிறை இலாகாவைப் பார்த்தவர் அவர். 1948-ல் தாமே சிறையில் இருந்தவர். கம்பியின் இரண்டு பக்கங்களும் அவருக்குத் தெரியும்.

பிறகு அதே பத்ரா மற்றொரு கடிதம் எழுதினார். இம்முறை தமக்காக அல்ல. பணம் பறிப்பதற்காக ஒரு வார்டர் வேறொரு கைதியைச் சித்திரவதை செய்தார் என்று அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையே கோர்ட்டு மனுவாக ஏற்றுக்கொண்டது. 1979-ம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி வந்த தீர்ப்பில் ஒரு முக்கியமான உத்தரவு இருக்கிறது. தனிக் கொட்டடி, கடின வேலை, உணவுக் குறைப்பு, சலுகை மறுப்பு, தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுதல் ஆகிய எதையும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது. அவசரத்தில் முன்னதாகத் தெரிவிக்க முடியாமல் போனால் இரண்டு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். சிறைகளில் குறைதீர்க்கும் பெட்டி வைக்க வேண்டும் என்றும் கோர்ட்டு உத்தரவிட்டது.

அமெரிக்காவில் சிறை அதிகாரிகளே விசாரிக்கிறார்கள். இங்கே வெளியில் இருக்கும் நீதிபதி ஒருவர் பார்க்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. எவ்வளவு பெரிய வித்தியாசம்!

1981-ல் ராஜஸ்தானத்து வழக்கு ஒன்று அதே கோர்ட்டுக்கு வந்தது. எட்டு மாதம் முதல் பதினோரு மாதம் வரையில் சில கைதிகள் தனி அறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். காரணம் என்ன? சிறைக்குள் சுற்றித் திரிந்தார்கள், மரியாதைக் குறைவாக நடந்தார்கள் என்பது போன்ற அற்பக் காரணங்கள்! சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவு பிறந்த பிறகும் இப்படி நடந்தது. தீர்ப்பு எழுதப்படும் இடத்துக்கும் அது நிறைவேற வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

சிக்கல் எங்கே?

செஷன்ஸ் நீதிபதி பரிசீலிக்க வேண்டும் என்றால் அவர் எதைப் பார்த்துப் பரிசீலிப்பார்? அவர் முன்னால் வருவது ஒரு காகிதம். "ஒழுங்கீனமாக நடந்தான், தனிக் கொட்டடி" என்று இரண்டே வரி அதில் இருந்தால், நீதிபதி எவ்வளவு நல்லவராக இருந்தும் என்ன செய்ய முடியும்? கைதி என்ன சொன்னான், யார் பார்த்தார்கள், ஏன் அவனை நம்பவில்லை என்பதெல்லாம் அதில் இல்லையே!

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்தான் என்பது எல்லோரும் அறிந்த கதை. பசுவுக்கு நியாயம் கிடைத்தது, மணியின் கயிறு அதற்கு எட்டியதனால்தான். குறைதீர்க்கும் பெட்டியும் செஷன்ஸ் நீதிபதியும் நமது மணி. கயிறாக இருக்க வேண்டியது எழுத்து.

நெப்ராஸ்கா வழக்கின் பெருமை இங்கேதான் இருக்கிறது. அது கொடுத்த உரிமைகள் சிறியவை. ஆனால் எழுத்து மூலம் குற்றச்சாட்டு, ஒரு நாள் அவகாசம், எழுத்து மூலம் காரணம் ஆகிய மூன்றும் சிறையைச் சிறிதும் அசைக்காதவை. சாட்சியின் பாதுகாப்புக்குக் கேடில்லை. வக்கீல்கள் கூட்டமாக வரப்போவதில்லை. தண்டனை ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவே. அதிகாரிகளின் நியாயமான ஆட்சேபங்களில் எதுவும் இந்த மூன்றைத் தொடவில்லை.

நமது நாட்டில் உயரத்திலே நீதிபதி இருக்கிறார். கீழே ஏணிப்படி முழுமையாக இல்லை. அமெரிக்காவில் கீழே படிகள் இருக்கின்றன. மேலே ஏறிப் போனால் கோர்ட்டு அநேகமாகக் கதவைத் திறப்பதில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் முழு ஏற்பாடாகும்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. 1894-ம் வருஷத்துச் சட்டமே வழி காட்டுகிறது. பிரம்படிக்கு மட்டும் கேட்ட அந்த மூன்று விஷயங்களை, அதாவது சாட்சியத்தின் சாரம், கைதியின் பதில், முடிவின் காரணம் ஆகியவற்றை, கழிவு இழப்புக்கும் தனி அடைப்புக்கும் கட்டாயமாக்கினால் போதும். அதன் நகல் கைதிக்கு அவன் பாஷையில் கிடைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாளைக்குள் செஷன்ஸ் நீதிபதிக்குப் போகும் காகிதத்தோடு அந்த நகலும் இணைந்து போக வேண்டும்.

அதிகாரிகள் மீது கொடுக்கும் பிராது பொய் என்று சொல்லித் தண்டிப்பதானால், அந்த விசாரணை மட்டுமாவது சிறைக்கு வெளியில் உள்ள ஒருவரிடம் போக வேண்டும். சம்பந்தப்பட்ட இலாகாவே அதைத் தீர்மானிப்பது எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் நேர்மையாகத் தோன்றாது.

இப்பொழுது இதற்கு நல்ல சந்தர்ப்பமும் வாய்த்திருக்கிறது. 1894-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக மாநிலங்கள் பின்பற்றுவதற்கென்று மத்திய சர்க்கார் 2023-ல் ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்து அனுப்பியிருக்கிறது. சிறை என்பது அரசியல் சட்டப்படி மாநிலங்களின் இலாகா. ஆகையால் ஒவ்வொரு சட்டசபையும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். புதிய சட்டம் எழுதும்போது செல்போன் தடையைப் பற்றியும் காமிராக்களைப் பற்றியும் பேசுவதற்கு ஆட்கள் நிறைய இருப்பார்கள். தண்டனைப் புத்தகத்தில் எத்தனை பத்தி இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு ஒரு சட்டசபை அங்கத்தினராவது எழுந்து நிற்க வேண்டும்.

இதனால் லாபம் கைதிக்கு மட்டுமல்ல. நேர்மையான வார்டருக்கும் அந்த எழுத்தே பாதுகாப்பு. நாளைக்கு அவர்மீது ஒரு பழி வந்தால், அன்று நடந்தது இன்னது என்று காட்டுவதற்கு அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வந்து நம்முடைய தெருவிலேயே வசிக்கப்போகிறவர்கள். சட்டத்தை மீறினான் என்று உள்ளே அனுப்பிய ஒருவனுக்கு, சட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தினந்தோறும் காட்டும் இடம் சூப்பரிண்டெண்டெண்டின் அந்த அறைதான். அங்கே அவன் சொன்னதைக் கேட்டு, கேட்டதை எழுதிவைக்க ஒரு பக்கம் காகிதம் போதும்.